பிரேக் போட்டது கார், நான் இல்லை

அம்மாவுக்குக் குளிர்ந்தது. அவ்வளவுதான் காரணம்.

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி இருக்கும். வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனை முடித்துவிட்டுப் பெருமாள் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். இரண்டும் ஒரே சிராங்கூன் சாலையில்தான் இருக்கின்றன, நடந்தே போய்விடலாம். ஆனால், அம்மாவின் முழங்கால் அதற்கு இடம் தருவதில்லை. எனவே கார். அம்மா என் பக்கத்து இருக்கையில், மடியில் அர்ச்சனைத் தட்டுடன். பின்னால் மனைவியும் பத்து வயது மகளும்.

“ஏசியக் கொஞ்சம் குறைப்பா, நேரா மூஞ்சியில அடிக்குது,” என்றார் அம்மா.

என் பழைய காரில் அதற்கு ஒரு வட்டமான திருகு இருந்தது. பத்து ஆண்டுகளில் அதன்மேல் இருந்த எண்களெல்லாம் தேய்ந்துவிட்டன. இருந்தாலும் பரவாயில்லை, கண்ணை எடுக்காமல் கை தானாகப் போய்த் திருப்பிவிடும். வாகன உரிமைச் சான்றிதழ் முடிந்து அந்தக் காரைக் கழித்துக்கட்டிய பிறகு வாங்கிய புதிய காரில் திருகும் இல்லை, பொத்தானும் இல்லை. நடுவில் ஒரு பெரிய திரை மட்டும். காற்று எந்தப் பக்கம் வீச வேண்டும் என்பதைக்கூடத் திரையில் விரலால் இழுத்துத்தான் மாற்ற வேண்டும்.

மின்விசிறிப் படத்தைத் தொட்டேன். விரல் சற்றுத் தள்ளிப் பட்டுவிட்டது; பாட்டுப் பட்டியல் திறந்துகொண்டது. அதை மூடினேன். மறுபடியும் விசிறியைத் தொட்டேன். காற்றுக்கோடு வந்தது. அதை இழுக்க விரலை வைத்தேன்.

“அப்பா!” என்று மகள் கத்தியதும், கார் முட்டுக்கட்டை போட்டதுபோல் நின்றதும் ஒரே நேரத்தில் நடந்தன.

முன்னால் ஒருவர் நின்றிருந்தார். சாலையோரம் நிறுத்தியிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து கடக்க வந்தவர். இரண்டு கைகளிலும் வெள்ளை நெகிழிப் பைகள். ஒரு பையிலிருந்து கீரைக்கட்டு எட்டிப் பார்த்தது. அவர் திட்டவில்லை. என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, தவறு தன்னுடையது என்பதுபோல் பையோடு சேர்த்துக் கையைச் சற்று உயர்த்திவிட்டு நடந்து போய்விட்டார்.

அம்மாவின் மடியிலிருந்த தேங்காய் மூடி இருக்கைக்கு அடியில் உருண்டு போயிருந்தது. விபூதி எங்கும் சிதறிக் கிடந்தது. யாருக்கும் அடியில்லை.

பிரேக்கை நான் மிதிக்கவில்லை. முன்னால் ஆள் வருவதைக் கண்டு காரே போட்ட பிரேக் அது. என் கால் அப்போது எங்கே இருந்தது என்றுகூட எனக்கு நினைவில்லை.

“கடக்கக்கூடாத இடத்துல கடந்தாரு, நீங்க என்ன செய்வீங்க,” என்று மனைவி சமாதானப்படுத்தினார். தேக்கா வட்டாரத்தில் வண்டி ஓட்டிப் பழகிய யாருக்கும் தெரியும்: அங்கு ஆட்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் வருவார்கள். டன்லப் ஸ்திரீட்டிலிருந்தும் வருவார்கள், முஸ்தஃபாவிலிருந்து தள்ளுவண்டி நிறையச் சாமான்களோடும் வருவார்கள். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் அந்தச் சாலையில் ஓட்ட வேண்டும். நான் அன்று பார்த்துக்கொண்டிருந்தது சாலையை அல்ல.

இரவு தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் ஒரு விநாடியில் சுமார் 11 மீட்டர் நகர்ந்துவிடும். நான் திரையில் செலவிட்டது நான்கு விநாடி என்று வைத்துக்கொண்டாலும் 44 மீட்டர். கிட்டத்தட்ட மூன்றரைப் பேருந்துகளை வரிசையாக நிறுத்தும் தூரம். அதுவே தீவு விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகமாக இருந்திருந்தால், 100 மீட்டர். அவ்வளவு தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டச் சொன்னால் யாராவது சம்மதிப்போமா?

பொத்தானைத் தொலைத்த கார்கள்

காரில் தொடுதிரை புதிய கண்டுபிடிப்பு அன்று. 1986லேயே அமெரிக்காவின் பியூக் ரிவியேரா காரில் ஒரு சிறு தொடுதிரை வந்துவிட்டது. 2012ல் டெஸ்லா மாடல் எஸ் 17 அங்குலத் திரையோடு வந்தபின்தான் மற்ற நிறுவனங்களும் அந்த வழியில் வேகமாக ஓடத் தொடங்கின. பார்க்க அழகாக இருக்கிறது. நிறுவனங்களுக்கு வேறொரு வசதியும் உண்டு: ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி அச்சு, தனி கம்பி, தனி செலவு. திரை என்றால் எல்லாம் மென்பொருள்தான். கார் விற்ற பிறகும் மாற்றிக்கொள்ளலாம்.

ஓட்டுநருக்கு அது வசதியா என்று சுவீடனின் ‘வீ பீலாகாரே’ என்ற கார் சஞ்சிகை 2022ல் சோதித்துப் பார்த்தது. 11 புதிய கார்கள், கூடவே பொத்தான்கள் நிறைந்த ஒரு 2005 வால்வோ வி70. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே வெப்பநிலையைக் கூட்டுவது, வானொலி நிலையத்தை மாற்றுவது போன்ற நான்கு வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். முன்கூட்டியே பழகிக்கொள்ள ஓட்டுநர்களுக்கு நேரமும் கொடுத்தார்கள். 17 வயதான அந்த வால்வோவில் நான்கு வேலையும் 10 விநாடியில் முடிந்தன. கார் 306 மீட்டர் ஓடியிருந்தது. ஆகக் கடைசியாக வந்த புதிய காரில் 44.9 விநாடி ஆனது. அதற்குள் கார் 1,372 மீட்டர் ஓடிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு என் பழைய காரின் எண் தேய்ந்த திருகுதான் ஞாபகத்துக்கு வந்தது. அதைக் கழித்துக்கட்டியபோது ஒரு கவலையும் படவில்லை. வாகன உரிமைச் சான்றிதழ் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டி விற்ற காலத்தில், அவ்வளவு கொடுத்து வாங்கும் காரில் பெரிய திரை இல்லாவிட்டால் எப்படி என்றுதான் நானும் நினைத்தேன். விற்பனைக் கூடத்தில் காரை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே திரையைத்தான் தடவிப் பார்த்தேன்.

‘வாயால் சொன்னால் போதாதா?’

போதாது என்பதுதான் வருத்தமான செய்தி. நம்மில் பலர் குரலால் கட்டளையிட்டால் பாதுகாப்பு என்று நம்புகிறோம். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் டேவிட் ஸ்ட்ரேயர் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருபவர். அமெரிக்க வாகனமோட்டிகள் சங்கத்தின் சாலைப் பாதுகாப்பு அறநிறுவனத்துக்காக அவரது குழு 2015ல் வெளியிட்ட ஆய்வு ஒரு விநோதத்தைக் காட்டியது. குரல் கட்டளையைச் சொல்லி முடித்த பிறகும், சில கார்களில் 27 விநாடி வரை ஓட்டுநரின் மனம் முழுமையாகச் சாலைக்குத் திரும்பவில்லை. கை வளையத்தில்தான் இருக்கிறது, கண் சாலையில்தான் இருக்கிறது, ஆனால் வீட்டில் ஆளில்லை.

அதே குழு 2017ல் 30 புதிய கார்களைச் சோதித்தது. வழிகாட்டியில் போகுமிடத்தைப் பதிவு செய்ய மட்டும் சராசரியாக 40 விநாடி பிடித்தது.

பிரிட்டனின் டிஆர்எல் போக்குவரத்து ஆய்வுக்கூடம் 2020ல் வெளியிட்ட முடிவு இன்னும் கசப்பானது. கைப்பேசியைக் காரின் திரையோடு இணைக்கும் ஆப்பிள் கார்பிளேயை விரலால் தொட்டு இயக்கியவர்களின் எதிர்வினை நேரம் 57 விழுக்காடு நீண்டது. ஆண்ட்ராய்ட் ஆட்டோவில் 53 விழுக்காடு. குரலால் இயக்கியபோதும் 36, 30 விழுக்காடு. அதே ஆய்வுக்கூடத்தின் முந்தைய சோதனையில், சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு மது அருந்தியவர்களுக்கு எதிர்வினை நேரம் நீண்டது 12 விழுக்காடுதான்.

இங்கிலாந்தின் அந்த மது வரம்பும் நம் சிங்கப்பூரின் வரம்பும் ஒன்றே: 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரைப் பற்றிச் செய்தி வந்தால் நம் வீட்டில் எல்லாரும் முகம் சுளிப்போம். ‘ஒரு நிமிஷம், பாட்டை மாத்திக்கிறேன்’ என்று சொல்பவரைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை.

சிங்கப்பூர் நீரிணையில் ஒரு தொடுதிரை

காருக்குத் தொடர்பில்லாத ஒரு விபத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நடந்தது நம் வாசலில்.

2017 ஆகஸ்ட் 21, விடியற்காலை. அமெரிக்கக் கடற்படையின் ‘ஜான் எஸ். மெக்கெய்ன்’ என்ற போர்க்கப்பல் சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்தது. உலகின் ஆக நெரிசலான கடல்வழிகளில் ஒன்று அது. சுக்கானையும் வேகத்தையும் ஒரே மாலுமி கவனிக்கத் திணறுவதைக் கண்ட தலைவர், வேகத்தைப் பக்கத்தில் உள்ள இன்னொரு மேடைக்கு மாற்றச் சொன்னார். பழைய கப்பல்களில் கைப்பிடியும் சக்கரமும் இருக்கும். இந்தக் கப்பலில் அந்த மாற்றத்தைத் தொடுதிரையில்தான் செய்ய வேண்டும். மாற்றும்போது வேகத்தோடு சேர்ந்து சுக்கானும் அடுத்த மேடைக்குப் போய்விட்டது. சக்கரத்தைப் பிடித்திருந்தவருக்கு அது தெரியவில்லை. ‘சுக்கான் வேலை செய்யவில்லை’ என்று அறிவித்தார். குழப்பத்தில் வேகத்தைக் குறைத்தபோது ஒரு பக்க உந்துதண்டின் வேகம் மட்டும் குறைந்தது. கப்பல் இடப்பக்கமாகத் திரும்பி, ‘அல்னிக் எம்சி’ என்ற எண்ணெய்க் கப்பலின் முன்னால் போய்விட்டது.

பத்து மாலுமிகள் மாண்டனர். பக்கவாட்டில் பிளந்த கப்பல் சாங்கி கடற்படைத் தளத்துக்கு வந்து சேர்ந்த படங்கள் அப்போது நம் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வந்தன.

பயிற்சிக் குறை, களைப்பு, மேற்பார்வைக் குறை என்று விசாரணைகள் பல காரணங்களைக் கூறின. அவற்றில் ஒன்று, குழப்பமூட்டும் அந்தத் தொடுதிரை. 2019ல் அமெரிக்கக் கடற்படை ஒரு முடிவுக்கு வந்தது: அந்த வகைக் கப்பல்களில் வேகத்துக்குத் திரையை விட்டுவிட்டு மீண்டும் கையால் பிடித்துத் தள்ளும் கைப்பிடியே இருக்கட்டும். மாலுமிகளும் அதைத்தான் கேட்டார்களாம். பிடித்தால் கைக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சட்டம் கையைப் பார்க்கிறது

சிங்கப்பூரில் 2015 பிப்ரவரி 1 முதல், வாகனம் ஓடும்போது கைப்பேசியையோ கைக்கணினியையோ கையில் பிடித்துப் பயன்படுத்துவது குற்றம். அதற்கு முன்பு பேசுவதும் குறுஞ்செய்தி அனுப்புவதும் மட்டும்தான் தடை. இப்போது படம் பார்ப்பது, இணையத்தில் உலாவுவது எல்லாமே அடங்கும். முதல் முறை பிடிபட்டால் 1,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். 12 குற்றப்புள்ளிகளும் சேரும். உரிமம் எடுத்து ஓராண்டு ஆகாத இளையர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: 13 புள்ளி சேர்ந்தால் அவர்களது உரிமம் பறிபோகும். ஒரே ஒரு தடவை கைப்பேசியை எடுத்தாலே விளிம்பில் வந்து நிற்பார்கள்.

ஆனால் அந்தச் சட்டம் பார்ப்பது கையைத்தான். அதே கைப்பேசியைத் தாங்கியில் மாட்டிவிட்டால் அந்தப் பிரிவு நம்மைத் தொடாது. காரோடு வந்த 15 அங்குலத் திரையையும் தொடாது. அன்றிரவு நான் அந்த மனிதரை இடித்திருந்தால் கவனமின்றி வாகனம் ஓட்டிய குற்றம் பாய்ந்திருக்கும். உயிர் போயிருந்தால் மூன்றாண்டு வரை சிறை. இடிக்காதவரை, நான் சட்டப்படி நல்ல ஓட்டுநர்.

ஜெர்மனி வேறு மாதிரி யோசித்தது. மழையில் காரின் கண்ணாடித் துடைப்பானின் வேகத்தைத் திரையில் மாற்றப் போய், சாலையை விட்டு விலகி மரங்களில் மோதிய ஒருவரின் வழக்கு கார்ல்ஸ்ரூ உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. காரோடு சேர்ந்தே வந்த திரையும் கைப்பேசி போன்ற மின்னணுச் சாதனம்தான் என்று 2020ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 200 யூரோ அபராதம், ஒரு மாதம் ஓட்டத் தடை. ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பும் 2026 ஜனவரியிலிருந்து கிடுக்கிப்பிடி போட்டது: திசை விளக்கு, அபாய விளக்கு, ஒலிப்பான், கண்ணாடித் துடைப்பான், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தொட்டால் தெரியும் பொத்தானோ நெம்புகோலோ இருந்தால்தான் ஐந்து நட்சத்திரம். குளிரூட்டி அந்தப் பட்டியலில் இல்லை. அதையும் சேர்த்திருக்கலாம் என்பது என் எண்ணம். அம்மாக்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

இங்கே, 2023 இறுதியில் தொடங்கிய ஈஆர்பி 2.0 சாதனப் பொருத்தும் பணியோடு கார்களுக்குள் இன்னொரு திரை வந்தது. பள்ளி வட்டாரம், முதியோர் பாதுகாப்பு வட்டாரம், கட்டண விவரம் எல்லாம் அதில் தெரியும். ஏற்கெனவே இருக்கும் திரைகள் போதாதா என்று வாகனமோட்டிகள் பலர் கேட்டார்கள்; திரை வேண்டாதவர்கள் அதைப் பொருத்தாமல், கைப்பேசிச் செயலியில் விவரங்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. நான் வேண்டாம் என்றேன். பெருமையாகவும் இருந்தது. பிறகுதான் உறைத்தது: ஒரு திரையைக் குறைத்துவிட்டு அதன் வேலையைக் கைப்பேசித் திரைக்குத் தந்திருக்கிறேன்.

தேக்கா நிலையத்தில் தே தாரிக் குடிக்கும் நேரத்தில் எனக்குப் பழக்கமான தனியார் வாடகை கார் ஓட்டுநர் அண்ணன் ஒருவர் உண்டு. டாக்சியில் தொடங்கி முப்பது ஆண்டு அனுபவம். அவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்.

“தம்பி, உனக்கு ஒரு திரை. எனக்கு மூணு. ரெண்டு போனு, ஒரு ஈஆர்பி. ஆர்டர் வந்தா சில விநாடிக்குள்ள அமுக்கணும், இல்லாட்டி அடுத்த ஆளுக்குப் போயிடும். நீ ஏசி மாத்தப் பார்த்தே, நான் சாப்பாட்டுக்குப் பார்க்கிறேன்.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சாலைப் பாதுகாப்பைப் பற்றி எவ்வளவு அறிவுரை எழுதினாலும், பார்க்காவிட்டால் வருமானம் போகும் என்று ஒருவருடைய வேலையை அமைத்துவிட்டு, அவரைப் பார்க்காதே என்று சொல்வது என்ன நியாயம்? விரைவுச்சாலையில் ஓடும்போது ஒரு கைப்பேசியை அவர் அணைத்தே வைத்துவிடுகிறாராம். “போனா போகட்டும்” என்றார். வீட்டுக் கடன் முடிந்தவர் என்பதால் அப்படிச் சொல்ல முடிகிறது என்பதையும் அவரே சேர்த்துக்கொண்டார்.

மேல்மாடியில் ஒரு சனிக்கிழமை

மறுநாள் காலை எங்கள் வீவக பேட்டையின் கார் நிறுத்துமிட மேல்மாடிக்கு மகளை அழைத்துக்கொண்டு போனேன். வாங்கி மூன்று மாதமாகியும் கையேட்டைப் புரட்டியதில்லை. நிறுத்திய காரில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் தேடினோம். ஓட்டுவளையத்தின் இடப்பக்க உருளையை வெப்பநிலைக்கு ஒதுக்கலாம் என்பது அன்றுதான் தெரிந்தது. மூன்று மாதமாக அது பாட்டின் ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தது! குறுஞ்செய்தியைத் திரையில் காட்டுவதை நிறுத்தினோம். கைப்பேசியில் ‘வாகனம் ஓட்டுகிறேன்’ என்ற ஏற்பாட்டை இயக்கினோம். வேலையிடத்திலிருந்து வருபவை வீட்டுக்குப் போன பிறகு வரட்டும். வழிகாட்டியில் போகுமிடத்தைப் பதிவு செய்த பிறகுதான் கியர் என்பது மகள் போட்ட விதி.

இன்னொன்றையும் மாற்றினோம். முன் இருக்கையில் உட்காருபவர்தான் இனி திரைக்குப் பொறுப்பு. யூட்டா ஆய்வாளர்கள் 2008லேயே சொன்னதுதான்: கைப்பேசியில் பேசுபவர் சாலையைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறார். நெரிசல் வந்தால் பேச்சை நிறுத்துகிறார், தப்பவிட்ட வெளிவழியைக் காட்டுகிறார். மனைவியோ மகளோ முன்னால் இருந்தால் இது எளிது. பிரச்சினை அம்மாதான். திரையைத் தொட்டால் உடைந்துவிடும் என்று பயப்படுகிறார்.

காரே பிரேக் போட்டுக் காப்பாற்றியதே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று அலுவலகத்தில் ஒரு நண்பர் கேட்டார். நன்றிதான் சொல்கிறேன். அந்த உணர்கருவி இல்லையென்றால் இந்தக் கட்டுரையை எழுதும் நிலையில் நான் இருந்திருக்க மாட்டேன். ஆனால் என் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வைத்ததும் அதே கார்தான். மழையிலும் இருட்டிலும் அந்த உணர்கருவியின் கண்ணும் மங்கலாம் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. படித்தேன், மேல்மாடியில்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் கோயிலுக்குப் போனோம். அந்த லாரி நின்ற இடத்தில் இன்னொரு லாரி நின்றது. வேகத்தைக் குறைத்தேன். பக்கத்தில் அம்மா, பச்சைச் சால்வையைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டிருந்தார். சிவப்பு விளக்கில் கார் முழுதாக நின்ற பிறகு என்னைப் பார்த்து, “இப்ப மாத்திக்கோ,” என்றார். உருளையை ஒரு திருப்புத் திருப்பினேன்.